பட்டணத்தில் இராத் தங்க இடம் தேர்தல்

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்து வாழும் நாம் சென்னைப் பட்டணத்துக்குப் புதியவர் அல்லோம். விடியலில் நம் கரையில் ஏலம் போன இறாலும் நண்டும் மாலைக்குள் அந்நகரத்து அடுப்புகளை அடைந்துவிடுகின்றன. பொன்னேரிப் பக்கத்து உழவர் விளைத்த காய்கறி கோயம்பேட்டுக்குச் செல்கிறது. நெசவாளர் தறியில் அறுத்த துணியின் கணக்கு எழும்பூர்ப் பாந்தியன் சாலையிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்தில் ஏறுகிறது. ஆயினும் பகலிற் சென்று பகலில் மீள்வது ஒன்று. அங்கே ஓர் இரவு தங்குவது முற்றிலும் வேறொன்று. பகற் பட்டணத்தை நன்கறிந்த பலர் இரவுப் பட்டணத்தை அறியார்.

தங்க நேரும் காரணங்களும் பெரும்பாலும் மகிழ்ச்சிக்குரியவை அல்ல. நோய், பேறுகாலம், வழக்கு, ஒரே நாளில் முடியாத அலுவலகக் காரியம் ஆகியவையே மிகுதி. அவ்வேளையில் உள்ளம் கலங்கியிருக்கும். கையில் கடன் வாங்கிய பணமும் இருக்கும். கலங்கிய உள்ளமும் கைப்பணமும் ஒருங்கே இருக்குமிடத்தைத் தேடி வருவார் பட்டணத்தில் எப்போதும் உளர். தங்குமிடத்தை முன்கூட்டியே தேர்ந்துகொள்ளாதவர் சென்ட்ரல் வாயிலில் மூட்டையுடன் நின்று நாற்புறமும் நோக்கும்போதே அவர் யாரென்பது அவர்கட்குத் தெரிந்துவிடும்.

நம் பாட்டன்மார்க்கு இத்தொல்லை இருந்ததில்லை. 1806ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பெற்றுப் பின்னர்ப் பழவேற்காட்டு ஏரிக்கும் அதற்கு வடக்கேயும் நீண்ட கால்வாய், 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் சுண்ணாம்புச் சிப்பியும் ஏற்றி அவ்வழியே சென்றவர்கள் படகிலேயே உலை வைத்துப் படகிலேயே உறங்கினர். கரைவழி சென்றவர்க்குச் சத்திரங்கள் இருந்தன. 1782இல் பஞ்சத்தால் வாடியோர்க்குக் கஞ்சி ஊற்றுவதற்கென எழுந்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. முதியவர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லக் கேட்டிருப்போம். சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர்க்கெனச் சத்திரம் கட்டுவித்த இராஜா சர் சவலை இராமசாமி முதலியாரின் பெயரையே இராயபுரத்துப் பிரசவ மருத்துவமனையும் தாங்கி நிற்கிறது. நோயாளியையும் வழிப்போக்கரையும் ஒரே அறத்தின் இரு கூறாகக் கண்ட காலம் அது. இன்றோ மருத்துவம் இலவசம், தங்குவதற்கு விலையுண்டு.

முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பட்டணத்தில் தங்கத்தான் வேண்டுமா? பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து புறநகர் மின்வண்டியில் சென்ட்ரல் மூர் மார்க்கெட் நிலையம் ஏறத்தாழ ஒரு மணிப் பயணம். இரவில் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் மின்வண்டி அன்று. பொன்னேரியிலிருந்து நம் ஊருக்கு வரும் கடைசிப் பேருந்தே. ஏரிக்கு நடுவே இருக்கும் ஊரினர்க்கு அதற்கு மேலும் படகு ஒன்று உண்டு. ஆகவே, காலையில் மருத்துவமனைச் சீட்டு வாங்க வேண்டியவர்கள் முதல்நாளே பட்டணம் சென்று படுக்க வேண்டுவதில்லை. பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ உள்ள உறவினர் வீட்டில் இரவு தங்கி, விடியற்கால வண்டியைப் பிடித்தாற் போதும். பட்டணத்து அறை வாடகையில் ஒரு பங்குகூட ஆகாது. இதை அறிந்திருந்தும், 'பட்டணத்திலேயே இருந்துவிட்டால் நிம்மதி' என்று எண்ணி வீண் செலவு செய்வார் நம்மில் பலர். நோயாளியால் இருமுறை பயணம் செய்ய இயலாதபோதும், மருத்துவர் மறுநாளும் வரச் சொன்னபோதும், நோயாளி உள்ளே சேர்க்கப்பட்டபோதும் தங்குவது தவிர்க்க முடியாதது. அங்கும் நாட்கணக்கு முக்கியம். பாட்டு முறையில் மீன் பிடிப்பவர்க்குத் தம் பாடு வரும் நாள் தவறினால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க நேரும். ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதன் விலை அறை வாடகை மட்டும் அன்று.

எது பாதுகாப்பான பகுதி?

'நல்ல பகுதி' என்று பட்டணத்தார் சொல்வது வேறு, நமக்குப் பாதுகாப்பான பகுதி வேறு. அவர்கள் பெரும்பாலும் வாடகையையும் கட்டடங்களின் தோற்றத்தையும் வைத்துச் சொல்கின்றனர். தெற்கே மரங்கள் அடர்ந்த அமைதியான தெருவொன்றில் இரவு 9 மணிக்குமேல் மனித நடமாட்டமே இராது. வழி தெரியாத ஒருவர்க்கு அங்கே உதவி கேட்கவும் ஆள் கிடையாது. வடசென்னையோ திரைப்படங்களாலும் செய்தித் தலைப்புகளாலும் கெட்ட பெயர் வாங்கிய பகுதி. ஆனால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் நள்ளிரவு கடந்து விளக்கெரியும்; விடியலுக்கு முன்பே வண்டிகள் ஓடும்; பெண்கள் கூடையுடன் நடப்பர். விழித்திருக்கும் தெருவே வழிப்போக்கனுக்குக் காவல். வடசென்னையில் குற்றமே நிகழாது என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பகுதியையும் அதன் பெயரைக் கொண்டு மட்டும் ஏற்கவோ தள்ளவோ கூடாது என்பதே நம் கருத்து.

நாம் பார்க்க வேண்டுவன சில. காரியம் உள்ள இடத்துக்கு அத்தங்குமிடம் நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும். இரவில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் ஆட்டோவுக்குக் காத்திராமல் போய்ச் சேரலாம் என்பது பெரிய ஆறுதல். விடுதியின் வாயில் பெருந்தெருவிலோ, பெருந்தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவிலோ அமைதல் நன்று. சந்துக்குள் சந்தாகப் போய் முடியும் இடம் வாடகை குறைவாயினும் வேண்டா. அருகில் இரவு திறந்திருக்கும் மருந்துக் கடையோ தேநீர்க் கடையோ இருத்தல் நலம். மதுக்கடை இருப்பின் தவிர்க்க. இவற்றைப் பகலில் பார்த்து அறிவது எளிதன்று. ஆகவே முதன்முறை செல்பவர் பொழுது சாயுமுன் போய்ச் சேர்வதே தக்கது.

நம்மவர் செல்லக்கூடிய பகுதிகளைப் பார்ப்போம். சென்ட்ரலுக்கு அருகே பெரியமேடு. சென்ட்ரலுக்கு எதிரேயே இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருப்பதாலும், மின்வண்டி வந்து நிற்பதும் அருகிலேயே ஆதலாலும் இதுவே நமக்கு மிகவும் வாய்ப்பான இடம். சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதை ஒட்டியும் சிறிய விடுதிகள் பல உள. தோல் வாணிகத்துக்குப் பேர்போன பகுதி; வெளியூர் வாணிகர் தங்கிப் பழகிய இடமாதலால் விடுதிக்காரர்கள் வழிப்போக்கரை அறிந்தவர்கள். குறை ஒன்று: நிலையத்தைச் சுற்றித் தரகர் மிகுதி. "லாட்ஜ் வேணுமாண்ணே? நூறடிதான்" என்று மூட்டையில் கைவைப்பவர் பின்னே செல்லற்க. அவர் காட்டும் விடுதியில் அவர் கூலியும் நம் வாடகையில் ஏறும். சென்ட்ரலின் மறுபுறத்து வால்டாக்ஸ் சாலையிலும் விடுதிகள் உண்டு. (பழங்காலத்தில் நகரத்து மதிலுக்காக வரி விதிக்க எண்ணியதால் அச்சாலைக்கு அப்பெயர் வந்தது என்பர்.) சரக்கு லாரிகள் வந்து போகும் அச்சாலையில் ஆரவாரம் மிகுதி, துயில் குறைவு. சாலையோர விடுதிகள் பரவாயில்லை; உட்சந்துகளைக் குடும்பத்துடன் செல்பவர் தவிர்ப்பது நன்று.

எழும்பூரை நாம் இன்னும் உயர்வாகவே மதிக்கிறோம். நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்தும் அதனைச் சூழ்ந்த தெருக்களும் தென்மாவட்டத்துப் பயணிகளுக்காகவே வளர்ந்தவை. குழந்தைகள் மருத்துவமனை, 1844இல் தோன்றிய மகப்பேறு மருத்துவமனை, 1819இல் தொடங்கி உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக எண்ணப்படும் அரசுக் கண் மருத்துவமனை ஆகிய மூன்றும் இங்கேயே உள. நெசவாளர்க்குக் கோ-ஆப்டெக்ஸ் நடைத் தொலைவு. சென்ட்ரலிலிருந்து மெட்ரோ வண்டியில் அடுத்த நிலையமே எழும்பூர். கைக்குழந்தையுடன் வருவோர்க்கும், பெண்கள் இருவர் மூவராக வருவோர்க்கும் இப்பகுதியையே முதலில் சொல்வோம். வாடகை பெரியமேட்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அதனைக் கொடுப்பது தகும்.

ஸ்டான்லிக்கோ இராயபுரம் பிரசவ மருத்துவமனைக்கோ செல்பவர் பெரியமேட்டில் தங்குவது வீண் அலைச்சல். மின்வண்டியில் வருவோர் கொருக்குப்பேட்டையில் இறங்கினால் ஸ்டான்லி அருகிலேயே. வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலைத் துணிக்கடைகள் நெசவாளர்க்குத் தெரிந்தவை. அப்பக்கத்திலும் மண்ணடியிலும் விடுதிகள் கிடைக்கும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ பாதை வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை நீண்டபின் இப்பகுதி முழுதும் போக்குவரத்தில் எளிதாயிற்று. மண்ணடியில் பள்ளிவாசல்களும் உணவுக்கடைகளும் மிகுதியாதலால் நம் ஊர் முஸ்லிம் குடும்பத்தார் அங்கே தங்குவதையே விரும்புகின்றனர்.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர்ச் சுனாமிக் குடியிருப்பு ஆகிய இடங்களில் நம்மவர்க்கு மாமன் மச்சான் வீடுகள் உண்டு. உறவினர் வீட்டைவிடப் பாதுகாப்பான விடுதி இல்லை என்பது உண்மையே. ஆனால் அவ்வீடுகளிற் பல ஒற்றையறை வீடுகள் என்பதையும் மறத்தல் கூடாது. நாம் இருவர் போய்ப் படுத்தால் அவர்கள் வீட்டு ஆண்மக்கள் வெளியே படுப்பர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர். பட்டணத்து ஒற்றையறைக்கு இரண்டு நாளே எல்லை என்று நாம் சொல்வோம். ஒரு படி அரிசியும் நல்ல மீனும் கொண்டு செல்வது முறை. கருவாட்டை மட்டும் உறவினர் வீட்டுக்கெனப் பொதிந்து எடுத்துக்கொண்டு நடுவில் விடுதியில் தங்குபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அம்மணம் நமக்கு ஊரை நினைவூட்டும். அடுத்த அறைக்காரருக்கு அவ்வாறு இராது. இறுக்கி மூடிய பாத்திரத்தில் வைத்துக்கொண்டால் பூசல் எழாது.

காய்கறி கொண்டு செல்லும் உழவர்க்கு மட்டுமே கோயம்பேடு பொருந்தும். 1996இல் தொடங்கிய அச்சந்தை இரவு முழுதும் விழித்திருப்பது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபின் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறிவிட்டமையால் கோயம்பேட்டு விடுதிகளில் முன்போல் நெருக்கடி இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தனியாடவர்க்கானவை, குடும்பத்துக்கு ஆகா. தியாகராய நகர் துணி எடுக்கப் போகுமிடம், அவ்வளவே. அடையாற்றில் 1954இல் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி தோற்றுவித்த புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வோர் மட்டும் தெற்கே தங்க வேண்டியிருக்கும். மெலிந்த நோயாளியைச் சென்ட்ரலிலிருந்து நாள்தோறும் பேருந்தில் அழைத்துச் செல்லுதல் கொடுமை. அங்கே அறை தேடுமுன் மருத்துவமனையின் சமூகப் பணியாளரை வினவுக. இத்தகைய நோயாளிகள் தங்கும் இடங்களை அவரே அறிவார்.

மருத்துவமனை வாயிலில்

இனி நம்மை மிகவும் வருத்தும் ஒரு நிலை. பெண்கள் சிகிச்சைப் பிரிவில் நோயாளியுடன் துணைக்கு ஒரு பெண்ணையே இருக்க விடுவர். தாயோ மாமியாரோ உள்ளே இருப்பார். அழைத்து வந்த ஆண்மகன் வெளியே. மருத்துவர் எந்நேரம் அழைப்பாரோ என்ற அச்சத்தால் அவன் வாயிலைவிட்டு அகலமாட்டான். அறை எடுக்கவும் மனம் வாராது. நடைமேடையிலோ மரத்தடியிலோ துண்டை விரித்துப் படுப்பான். விடியும்போது பணப்பையோ கைப்பேசியோ இராது. பொருள் இழப்பினும் பெரிது ஒன்றுண்டு: உள்ளே இருக்கும் பெண்ணுக்கும் வெளியே இருக்கும் ஆணுக்கும் இருந்த ஒரே தொடர்பு அக்கைப்பேசி. குருதி வேண்டுமென்று உள்ளே கேட்கும்போது வெளியே இருப்பவனை எவ்வாறு தேடுவது?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு இலட்சம் மக்களுக்கு ஒன்றேனும் இரவுக் காப்பகம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. அதன்பின் சென்னை மாநகராட்சி வீடற்றோர்க்குக் காப்பகங்கள் நடத்துவதோடு, அரசு மருத்துவமனைகள் சிலவற்றின் வளாகத்திலேயே நோயாளரின் துணைவர்க்கெனவும் காப்பகங்கள் அமைத்துள்ளது. கட்டணம் இல்லை. நம்மவர் பலர் இதைக் கேளாமலே திண்ணையிற் படுக்கின்றனர். சிலர் 'அது அநாதைகளுக்கு' என்று நாணுகின்றனர். நாணுவதற்கு ஒன்றுமில்லை. நோயாளியைச் சேர்த்த அன்றே, பொழுது சாயுமுன், நிலைய மருத்துவ அலுவலரின் அறையிலோ உதவி மேசையிலோ "துணைக்கு வந்தவர் தங்குமிடம் எங்கே?" என்று கேட்டறிக. சேர்க்கைச் சீட்டின் படியொன்றும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வளாகத்தில் அம்மா உணவகம் இருப்பின் உணவுச் செலவும் குறையும். பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வரும் புற்றுநோயாளர்க்கும் அவர்தம் உற்றார்க்கும் தாதரில் சந்த் காட்கே மகராஜ் பெயரால் விளங்கும் தருமசாலை இடம் தருகிறது. நம் பட்டணத்திலும் அத்தகைய தருமசாலைகள் மிகுதல் வேண்டும்.

சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களில் உள்ள ஓய்வறைகளையும் பலர் கேட்பர். அவை நெடுந்தூர வண்டிக்குப் பதிவுச் சீட்டு உள்ளவர்க்கே உரியவை. பொன்னேரியிலிருந்து புறநகர்ச் சீட்டில் வந்தவர்க்குக் கிடையா. அதை நம்பிப் போய் இரவு 10 மணிக்குத் திகைக்க வேண்டா.

அறையைப் பார்த்தல்

1867ஆம் ஆண்டில் அன்றைய இந்திய அரசு, வழிப்போக்கர் தங்குமிடங்களை ஒழுங்கு செய்யச் சராய்ச் சட்டம் என ஒன்று இயற்றிற்று. விடுதிக்காரர் அறை, தாழ்வாரம், சாக்கடை, கிணறு இவற்றைத் தூய்மையாக வைத்தல் வேண்டும். மதில், கதவு, கூரை பழுதின்றி இருத்தல் வேண்டும். மாஜிஸ்திரேட் போதுமெனக் கருதும் அளவுக்குக் காவலாள் வைத்தல் வேண்டும். கட்டண விவரத்தைக் கண்ணிற் படுமாறு தொங்கவிடுதல் வேண்டும் என்று அது விதித்தது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் வழிப்போக்கன் நோக்க வேண்டுவன இவையே என்பது வியப்பன்றோ? நீர், தாழ், காவல், விலை என்று நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டு விடுதிக்குள் நுழைக.

அறையைப் பாராமல் முன்பணம் தரலாகாது. குழாயைத் திறந்து பார்க்க. கதவை உள்ளே தாழிட்டு அசைத்துப் பார்க்க. தாழ்ப்பாள் ஆடினால் வேறு அறை கேட்க. பழைய விடுதிகளில் நாதாங்கிக் கதவுகள் உண்டு. அங்கே நம் பூட்டையே இடலாம். ஆகவே நல்ல பூட்டு ஒன்று பையில் இருப்பது நன்று. சன்னல் பொதுத் தாழ்வாரத்தை நோக்கியிருந்தால் கம்பி வழியே கையெட்டும் தொலைவில் பையோ கைப்பேசியோ வைக்கலாகாது. தீப்பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு உண்டா, அதன் கதவு பூட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க. இதைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

வாடகையில் மற்றொரு நுட்பம் உண்டு. சில விடுதிகளில் நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணிக் கணக்கு. சிலவற்றில் நண்பகல் 12 மணிக்கு நாள் முடியும். பின்னதில் இரவு 10 மணிக்குப் போய் மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு வெளியேறினால் இரு நாள் வாடகை கேட்பர். முன்னரே கேட்டறிந்தால் சண்டை இல்லை. நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு முன் 12 விழுக்காடு இருந்தது. பழைய கணக்கில் இன்னும் வாங்குபவர் இருப்பின் சுட்டிக்காட்டுக. வரி எண் அச்சிட்ட ரசீது தாராத விடுதி வரி கேட்க உரிமையற்றது.

விடுதி ஏட்டில் பெயரும் முகவரியும் எழுதுவதும், அடையாள அட்டை காட்டுவதும் நம் நன்மைக்கே. அட்டை கேளாமல் அறை தரும் விடுதி யாருக்கும் அறை தரும் என்பதை உணர்க. ஆதாரின் படியைக் கொடுக்க நேர்ந்தால் முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட படியைக் கொடுக்கலாம். வாக்காளர் அட்டையும் போதும். இரவில் கதவு தட்டி 'சோதனை' என்று எவரேனும் வந்தால், உடனே திறவாமல் கீழே கணக்கரைத் தொலைபேசியில் கேட்டபின் திறக்க. பெண்கள் மட்டும் தங்குவதாயின் கீழ்த்தளத்திலோ முதல் மாடியிலோ, குடும்பங்கள் தங்கியுள்ள வரிசையில் அறை கேட்பது தக்கது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இளம்பெண்கள் கிறித்தவ சங்கத்தாரின் விருந்தினர் இல்லம் உண்டு. வாடகை சிறு விடுதியைவிடக் கூடுதலாயினும், தனியே தேர்வெழுதச் செல்லும் மகளை அனுப்பும் பெற்றோர்க்கு அச்செலவு பெரிதன்று.

கைப்பேசியில் தேடி அறை பதிவு செய்யும் வழக்கம் நம்மவரிடையேயும் பரவியுள்ளது. நன்றே; ஆனால் தேடும்போது முதலிற் கிடைக்கும் எண் விடுதியின் எண்தான் என்று கொள்ளலாகாது. விடுதியின் பெயரில் பொய் எண் இட்டு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு மறையும் ஏமாற்றுக்காரர் பெருகியுள்ளனர். இன்று அழைத்து, நாளை வேறு நேரத்தில் வேறொருவர் கைப்பேசியிலிருந்து அழைத்து ஒரே விடை வருகிறதா என்று பார்ப்பது ஒரு முறை. முன்பணம் முழுதும் கேட்பவரை நம்பற்க. பணம் போய்விட்டதெனத் தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். காலம் தாழ்த்தத் தாழ்த்த மீட்பது அரிது.

இதனினும் நல்ல வழி நம் கையிலேயே இருக்கிறது. சங்க அலுவலகத்தில் ஒரு கோடிட்ட ஏட்டை வைத்து, பட்டணத்தில் தங்கி மீண்ட உறுப்பினர் ஒவ்வொருவரும் விடுதியின் பெயர், தெரு, கொடுத்த வாடகை, நீர் வந்ததா, பெண்கள் தங்கத் தக்கதா என்பவற்றை நாள் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல எழுத்தர் எழுதலாம். ஆண்டொன்று கழிந்தால் எந்தத் தேடுபொறியும் தாராத செய்தி நம்மிடம் இருக்கும். தமக்கு வேண்டிய விடுதியைப் புகழவும் வேண்டாததைப் பழிக்கவும் சிலர் முயல்வர். மூவர் ஒரே கருத்தை எழுதினால் மட்டும் நம்புவது என்று வைத்துக்கொண்டால் அக்குறை நீங்கும்.

சாதியோ மதமோ கேட்டு அறை மறுக்கும் இடங்கள் இன்றும் உள. 'கடற்கரைக்காரர்' என்று முகம் சுளிப்பாரும் உளர். நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக உணவகத்திலும் விடுதியிலும் கடையிலும் எவரையும் தடுக்கலாகாது என்று கூறுகிறது. நோயாளியை வைத்துக்கொண்டு அவ்விடத்திலேயே வழக்காடுவது அறிவாகாது. வேறு இடம் தேடுக. ஆனால் விடுதியின் பெயரையும் நாளையும் குறித்து வந்து சங்கத்தில் சொல்ல மறவற்க. தனியொருவர் புகாரைவிடச் சங்கத்தின் புகாருக்கு வலிமை மிகுதி.

ஐப்பசி, கார்த்திகையில் செல்பவர்க்கு வேறு கவலை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பட்டணம் நீரில் நின்றதை நாம் அறிவோம். வியாசர்பாடிக் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் மழைநீர் தேங்கிப் போக்குவரத்து நிற்பது பலமுறை நிகழ்ந்ததே. அம்மாதங்களில் தரைத்தள அறை வேண்டா. சுரங்கப்பாதையைக் கடந்தே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய இடமும் வேண்டா. கீழ்த்தளமோ முதல் மாடியோ பெண்களுக்கு நன்று என்று மேலே கூறினோம். மழைக்காலத்தில் மட்டும் முதல் மாடி என்று கொள்க.

புறப்படுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் விடுதியின் பெயர், தெரு, தொலைபேசி எண், ஊரிலுள்ள ஒருவரின் எண், மருத்துவமனையில் நோயாளி இருக்கும் வார்டு ஆகியவற்றை எழுதி, காவல்துறை முதலிய அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மருத்துவ ஊர்திக்கு 108, இரயிலில் 139 என்ற எண்களையும் சேர்த்துக்கொள்க. இரு படி எழுதி ஒன்று உள்ளே துணையிருப்பவரிடமும், ஒன்று வெளியே இருப்பவரின் சட்டைப் பையிலும் இருக்கட்டும். கைப்பேசி போனாலும், மின்னூட்டம் தீர்ந்தாலும், தேநீர்க் கடைக்காரரிடம் ஒரு முறை பேசக் கேட்டு அழைத்துவிடலாம்.